மகிழ்ச்சி, உறவு, மனசு: சேலத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

உளவியல் படித்துவிட்டு சேலத்தில் குடும்ப ஆலோசனை வேலை பார்க்கிறேன். அஸ்தம்பட்டியில் கேட்கிற கேள்வியையே அம்மாப்பேட்டையிலும் கேட்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளின் சந்தேகம்தான் ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை செய்கிற அம்மாக்களுக்கும், என்ன, வார்த்தை மட்டும் வேறு. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன், கேட்டது யார் என்று தெரிகிற எதுவும் இதில் இருக்காது. முதலில் இருந்து படித்தால் நல்லது, பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

சந்தோஷத்தைப் போய் எப்படிங்க அளப்பாங்க? ஃபின்லாந்து முதலிடம்னு வருஷா வருஷம் பேப்பர்ல போடறாங்களே?

ஆளைக் கேட்டுத்தான் அளக்கிறார்கள். பத்துப் படி உள்ள ஒரு ஏணி, உச்சியில் உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடியில் மிக மோசமான வாழ்க்கை, இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? 1960களில் ஹேட்லி கேன்ட்ரில் என்ற உளவியலாளர் உருவாக்கிய கேள்வி இது. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில்களின் சராசரியை வைத்துத்தான் நாடுகளை வரிசைப்படுத்துகிறது. 2018ல் இருந்து ஃபின்லாந்து முதலிடத்தில் இருக்கிறது, 2025 அறிக்கையில் இந்தியாவுக்கு 147 நாடுகளில் 118வது இடம்.

ஆனால் ஏணிக் கேள்வி கேட்பது வாழ்க்கை மொத்தமாக எப்படிப் போகிறது என்பதை. நேற்றுப் பொழுது எப்படிப் போனது, சிரித்தீர்களா, கவலையாக இருந்ததா என்பது தனிக் கேள்வி, அதற்குப் பதில் வேறு மாதிரி வரும். கடனெல்லாம் அடைத்து மகளை நர்சிங் படிக்க வைத்த தறிக்காரர் ஏணியில் எட்டு என்பார், அன்றன்றைக்குப் பார்த்தால் முதுகுவலியோடு பேசாமல் படுக்கிறவராக இருப்பார். இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடத்தில் தேவைப்படும்.

பணம் இருந்தா சந்தோஷம் வருமா வராதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க மேடம்.

வரும். பணத்தால் மகிழ்ச்சி கிடையாது என்று மேடையில் பேசுகிறவர்களுக்குக் கந்துவட்டி கட்டிப் பழக்கம் இருக்காது. 2010ல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்காவில் வருடத்துக்கு 75,000 டாலர் வருமானத்துக்கு மேல் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்றார்கள், அந்த எண் உலகமெல்லாம் பரவியது. 2021ல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த் செய்த ஆய்வில் அப்படி ஒரு உச்சவரம்பே தெரியவில்லை. பிறகு கானமனும் அவரும் சேர்ந்து இரண்டு கணக்கையும் மறுபடி பார்த்து 2023ல் ஒரு முடிவு சொன்னார்கள்: பெரும்பாலானவர்களுக்கு வருமானம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது. மகிழ்ச்சி ரொம்பக் குறைவாக இருக்கிற ஐந்தில் ஒரு பங்குப் பேருக்கு மட்டும் சுமார் ஒரு லட்சம் டாலரோடு அது நின்றுவிடுகிறது, அவர்களுடைய துக்கத்தைப் பணம் தொடுவதில்லை.

அந்த டாலர் கணக்கை ரூபாயாக மாற்றி நமக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது, இங்கே செலவும் வேறு பயமும் வேறு. நான் பார்த்தவரை இங்கே பணம் முதலில் கொடுப்பது தூக்கத்தைத்தான். சனிக்கிழமை கூலி வந்தால் ஞாயிற்றுக்கிழமை குழுக்காரருக்குப் போகிற வீட்டில் நன்றியுணர்வுப் பயிற்சி பற்றிப் பேச எனக்கு மனசு வராது. முதலில் கடனைப் பற்றித்தான் பேசுவேன்.

வீடு கட்டணும்னு பல வருஷமா ஏங்கினோம். கட்டிக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகல, பழையபடி ஆயிருச்சு. எனக்கு ஏதாவது கோளாறா?

கோளாறு ஒன்றும் இல்லை. மனசு எதற்கும் பழகிக்கொள்ளும், நல்லதுக்கும் பழகிக்கொள்ளும். 1978ல் பிலிப் பிரிக்மனும் கூட இரண்டு பேரும் அமெரிக்காவில் லாட்டரியில் பெரிய தொகை விழுந்த 22 பேரையும், பக்கத்திலேயே வசிக்கிற சாதாரண ஆட்கள் 22 பேரையும் கேட்டார்கள். 0 முதல் 5 வரையான அளவில் லாட்டரிக்காரர்கள் 4.00, மற்றவர்கள் 3.82. அவ்வளவுதான் வித்தியாசம். சின்னச் சின்ன விஷயங்களில், அதாவது நண்பனோடு பேசுவது, டிவி பார்ப்பது, காலைச் சாப்பாடு, இதிலெல்லாம் லாட்டரிக்காரர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.

இதே ஆய்வை வைத்து "விபத்தில் கால் போனவரும் ஒரு வருஷத்தில் பழையபடி சந்தோஷமாகிவிடுவார்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது தவறு. அதே ஆய்வில் விபத்தால் உடல் செயலிழந்த 29 பேரின் சராசரி 2.96தான். துக்கத்துக்கு அவ்வளவு சீக்கிரம் யாரும் பழகிவிடுவதில்லை, பழகிவிடு என்று அவர்களிடம் சொல்லவும் கூடாது.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். சுவரும் டைல்ஸும் பழகிப்போகும், ஆனால் அந்த வீட்டுக்குள் நடக்கிறது தினமும் புதுசு. புது வீட்டில் திண்ணை வைத்தீர்களா, பக்கத்து வீட்டார் வந்து உட்கார இடம் இருக்கிறதா என்று நான் கேட்பது அதனால்தான்.

ஏற்காடு போய்ட்டு வந்தா ரெண்டு நாள் நல்லா இருக்கு, புதன்கிழமை மறுபடியும் அதே எரிச்சல். போறதே வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்லை. பொருள் வாங்குவதைவிட எங்காவது போய்வருவது, எதையாவது அனுபவிப்பது மனதில் கூடுதலாக நிற்கிறது என்று லீஃப் வான் போவனும் தாமஸ் கிலோவிச்சும் 2003ல் காட்டினார்கள். அனுபவத்தைப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடுவது கொஞ்சம் கஷ்டம், அப்புறம் அதைத் திரும்பத் திரும்பப் பேசலாம். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவும் வாயைத் திறக்காமல் ஏறி, மேலே லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் ஆளுக்கொரு போட்டோ எடுத்து, இறங்கும்போது "டிராஃபிக்ல மாட்டிக்கிட்டோம்" என்று சண்டை போட்டால் வீட்டுச் சண்டையே 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்வந்ததாக ஆகும், அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது காப்பித் தோட்டத்துப் பெண்கள் ஞாபகம் வருகிறது. மார்கழிக் குளிரில் விடிந்ததும் இடுப்பில் பை கட்டிக்கொண்டு, பனி சொட்டுகிற செடிக்குள் கையை விட்டுப் பழுத்த பழமாகப் பார்த்துப் பறிக்கிறார்கள், விரல் விறைத்துப்போகும். நாம் நிம்மதி தேடிப் போகிற அதே மலையில் அவர்களுக்குக் கிடைக்கும் நிம்மதி, வரிசையில் பக்கத்துச் செடியில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. கூட்டாளியை மாற்றி வேறு வரிசையில் போட்டுவிட்டால் அன்றைக்குக் குளிர் இன்னும் அதிகம் என்று அவர்களே சொல்வார்கள்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் வெள்ளைக்காரங்களை வெச்சுப் பண்ணது. நமக்கு எப்படி ஒத்துவரும்?

கேட்கவேண்டிய கேள்வி. 2010ல் ஜோசப் ஹென்ரிக்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் இதையே சொல்லி உளவியல் உலகத்தை உலுக்கினார்கள். முக்கியமான உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 96 சதவீதம் மேற்கத்தியத் தொழில்வள நாட்டுக்காரர்கள், உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம்தான்.

1991லேயே ஹேசல் மார்கஸும் ஷினோபு கித்தாயாமாவும் வேறு ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். சில சமூகங்களில் "நான்" என்பது தனித்து நிற்கிற ஒரு ஆள், சில சமூகங்களில் "நான்" என்பதற்குள்ளேயே அப்பாவும் தங்கையும் ஊரும் இருக்கிறார்கள். நம் ஆட்கள் பலருக்கு இரண்டாவது பொருந்தும். தங்கைக்குக் கல்யாணம் ஆகாமல் தனக்குச் சந்தோஷம் இல்லை என்று ஒரு அண்ணன் சொன்னால் அவனுக்குச் சுயம் இல்லை என்று எழுதிவிட முடியாது. அதற்காக அந்த அண்ணன் தன் ஆசையைப் பேசவே கூடாது என்றும் ஆகாது. ஆகவே ஒவ்வொரு ஆய்விலும் யாரைக் கேட்டார்கள், எங்கே கேட்டார்கள் என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படின்னா கூட்டுக் குடும்பம்தான் பெஸ்ட்னு சொல்றீங்க, சரிதானே?

இல்லை. ஹார்வர்டில் 1938ல் தொடங்கி இன்றுவரை நடக்கிற ஆய்வு ஒன்று உண்டு. 268 கல்லூரி மாணவர்கள், பாஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிப் பையன்கள் 456 பேர், இவர்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தார்கள், பிறகு மனைவிமாரையும் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். ஐம்பது வயதில் தன் உறவுகளில் யார் நிறைவாக இருந்தாரோ அவர்தான் எண்பதில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார், அந்த விஷயத்தில் கொலஸ்ட்ரால் அளவுகூட அவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. தொடக்கத்தில் எல்லாரும் அமெரிக்க வெள்ளை ஆண்கள் என்பதால் மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் உண்டு. ஆனால் இது பேசுவது உறவின் தரத்தை, வீட்டில் எத்தனை தலை என்பதை இல்லை.

நம் சேலத்துப் பனங்காட்டிலும் சிவதாபுரத்திலும் கொலுசு செய்கிற வீடுகளுக்குப் போனால் இது கண்ணெதிரே தெரியும். ஒரே பலகையின் இரண்டு பக்கமும் கணவனும் மனைவியும். அவர் நெருப்பை ஊதிப் பற்றவைப்பார், அவள் சின்னச் சின்ன வளையங்களை எடுத்துக் கோத்துத் தள்ளுவாள், காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைத்த பிறகும் நடக்கும். பின்னால் மாமியார், கொழுந்தன், குழந்தைகள் என்று வீடு நிறைய ஆள். நாள் பூராவும் பேச்சு "குறடை எடு", "பொடி எங்கே", "எடை குறையுது பார்" என்பதோடு முடிந்துவிடும் வீடும் உண்டு. அதே தெருவில், அதே பலகையில், கை வேலை செய்துகொண்டே இருக்க நேற்றுப் பார்த்த கல்யாணத்தைப் பற்றி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிற வீடும் உண்டு. எத்தனை பேரோடு வாழ்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. எவரிடம் பயமில்லாமல் பேச முடிகிறது என்றுதான் கேட்பேன். ஒரு பெயர்கூடச் சொல்ல முடியாமல் கண் கலங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆள் நிறைந்த வீட்டிலிருந்துதான் வருகிறார்கள்.

வீட்டுல பார்த்துப் பண்ற கல்யாணத்துல அன்பு போகப்போக வளரும், லவ் மேரேஜ்ல குறையும்னு ஆராய்ச்சியே இருக்காமே?

இருக்கிறது. 1982ல் உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளிடம் செய்தது. காதல் கல்யாணம் செய்தவர்களின் அன்பு மதிப்பெண் வருடம் ஆக ஆகக் குறைந்தது, பெரியவர்கள் பார்த்துச் செய்தவர்களுக்குக் கூடியது. இதை வைத்து எத்தனையோ பேச்சு பேசிவிட்டார்கள். ஆனால் அது ஒரே ஊர், 50 ஜோடி. 2012ல் பமீலா ரீகனும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களைக் கேட்டபோது இரண்டு வகைக்கும் அன்பிலோ திருப்தியிலோ வித்தியாசம் வரவில்லை.

என் அனுபவத்தில் பிரிக்கிற கோடு வேறு இடத்தில் இருக்கிறது. பெண்ணையும் பையனையும் நிஜமாகக் கேட்டார்களா? "பிடிச்சிருக்கா" என்று கேட்கும்போது "இல்லை" என்று சொல்ல வாய்ப்பு இருந்ததா, இல்லை மண்டபம் பேசி முடித்துவிட்டுக் கேட்டார்களா? வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தும் சரி என்று சொன்ன கல்யாணம், யார் பார்த்து வைத்ததாக இருந்தாலும், நல்ல இடத்தில்தான் தொடங்குகிறது.

சண்டையே போடாம இருந்தா நல்ல குடும்பம்தானே?

சண்டை இல்லை என்பதற்குப் பல காரணம் இருக்கலாம், பயமும் ஒன்று. அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளை உட்காரவைத்துப் பேசவிட்டுப் படம்பிடித்து, வருடக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். தம்பதிகளின் கருத்து வேறுபாடுகளில் 69 சதவீதம் தீரவே தீராத வகை என்கிறார், நல்ல ஜோடிகளுக்கும் அப்படித்தான். சண்டை நடக்கும்போதும் ஒரு கசப்பான பேச்சுக்கு ஐந்து இதமான பேச்சோ செய்கையோ இருந்தால் தாக்குப்பிடிக்கிறார்கள். உறவைக் கெடுப்பவை என்று நாலைச் சொல்கிறார்: ஆளையே குறைசொல்வது, ஏளனம், தன்மேல் தவறே இல்லை என்று வாதாடுவது, வாயை மூடிச் சுவராகிவிடுவது. இதில் ஏளனம்தான் கொடியது.

நம் வீடுகளில் ஏளனம் விளையாட்டு வேஷத்தில் வரும். விருந்தாளி முன்னால் "இவளுக்கு என்ன தெரியும்" என்பது, மச்சான்கள் மத்தியில் கணவனின் சம்பளத்தைச் சொல்லிச் சிரிப்பது. வாரக்கணக்கில் பேசாமல் இருந்து குழந்தையைத் தூது விடுவதும் இங்கே சாதாரணம். "அப்பாகிட்ட சாப்பிட வரச் சொல்லு" என்று பக்கத்து அறைக்கு அனுப்பப்படும் குழந்தை அந்தச் சண்டையை முழுதாகச் சுமக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

அக்கா, என் மாமியார் டாக்சிக். ரீல்ஸ்ல எல்லாரும் கட் பண்ணுங்க, பவுண்டரி போடுங்கன்னு சொல்றாங்க. எப்படிப் போடறது?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். அடி, பட்டினி போடுவது, நகையைப் பிடுங்குவது, வெளியே விடாமல் பூட்டுவது, இதெல்லாம் வன்முறை. 2005ன் குடும்ப வன்முறைச் சட்டம் வார்த்தையால் வதைப்பதையும் பணத்தை முடக்குவதையும்கூட வன்முறை என்கிறது. இதற்குச் சமாதானப் பேச்சு வேண்டாம், பெண்கள் உதவி எண் 181ஐக் கூப்பிடுங்கள்.

மற்றபடி பெரும்பாலான மாமியார் பிரச்சினை சமையலறை, குழந்தை வளர்ப்பு, மகனுடைய நேரம் இந்த மூன்றில் வருகிறது. ரீல்ஸ் சொல்கிற "கட் பண்ணு" தனி வீடும் தனிச் சம்பளமும் இருக்கிற ஊருக்கு எழுதினது, மேலே "நான்" பற்றிச் சொன்னேனே, அது இங்கே வரும். இங்கே பவுண்டரி, அதாவது எல்லை என்பது குறிப்பான ஒரே ஒரு விஷயத்தில், மரியாதையான வார்த்தையில், முடிந்தால் கணவன் வாயால் வரவேண்டும். "அத்தை, பாப்பாவுக்கு மருந்து மட்டும் டாக்டர் சொன்னபடி நான் கொடுக்கறேன், மத்ததெல்லாம் நீங்க பாருங்க." இதைச் சொல்லிவிட்டு அடுத்த வாரமும் அதையே சொல்லவேண்டி வரும். கணவன் "நீங்களே பேசித் தீர்த்துக்கங்க" என்று தறிக்கூடத்துக்குப் போய்விட்டால் எந்த எல்லையும் நிற்காது, அதனால் நான் மாமியாரைவிட முதலில் அவரைத்தான் வரச்சொல்வேன்.

எங்க அம்மா ஒருநாளும் கட்டிப்பிடிச்சதில்ல. ஆன்லைன் டெஸ்ட்ல எனக்கு அட்டாச்மென்ட் பிரச்சினைன்னு வருது.

அந்த டெஸ்டை மூடி வையுங்கள். அட்டாச்மென்ட் என்பது குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உண்டாகும் பிணைப்பு. ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரோடு சேர்ந்து அதைப் பற்றிய கோட்பாட்டை வளர்த்த உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த் தன் முதல் களப்பணியை 1950களில் உகாண்டா கிராமங்களில் 26 குடும்பங்களோடு செய்தார். கட்டிப்பிடித்தலை எண்ணுவது அவர் வேலையாக இருக்கவில்லை. குழந்தை கொடுக்கும் சைகையை யாராவது கவனிக்கிறார்களா, கவனித்தால் அதற்கு ஏற்றபடி நடந்துகொள்கிறார்களா என்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டது. உங்கள் அம்மா ஷிஃப்டு முடிந்து வந்து, நீங்கள் முகம் வாடி இருந்ததைக் கண்டுபிடித்தாரா? ஆமாம் என்றால் பெரிய விஷயம் கிடைத்திருக்கிறது. இல்லை என்றால் அந்த வருத்தமும் உண்மையானதுதான், ஆனால் அதுவே ஆயுளுக்கும் தலையெழுத்து ஆகிவிடாது. பின்னால் வருகிற நல்ல நட்பும் நல்ல துணையும் இதை மாற்றுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாரும் ஸ்டேட்டஸ்ல ஜாலியா இருக்காங்க, நான் மட்டும்தான் இப்படி இருக்கேனா?

மனிதன் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டுத்தான் எடைபோடுவான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954லேயே எழுதினார். அப்போது ஒப்பிட ஒரு தெரு இருந்தது, இப்போது ஊர் முழுக்க இருக்கிறது. யாருடைய ஸ்டேட்டஸ் பார்த்தபின் நெஞ்சு கனக்கிறதோ அவரை மியூட் செய்யுங்கள். அவருக்கே போன் போட்டுப் பேசினால் இன்னும் நல்லது.

ஆடியில அம்மனுக்குக் கூழ் ஊத்தினா, பொங்கல் வெச்சா மனசு லேசாகுது. இது பக்தியா, சைக்காலஜியா?

இரண்டையும் எதிரெதிராக வைக்கத் தேவையில்லை. மொரீஷியஸில் தமிழர்கள் எடுக்கும் தைப்பூசக் காவடியை டிமித்ரிஸ் ஸிகலாட்டாஸ் என்ற மானுடவியலாளர் சக ஆய்வாளர்களோடு ஆராய்ந்தார். 2013ல் வந்த முடிவு: வெறும் கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்களைவிட, அலகு குத்திக் காவடி எடுத்தவர்களும் அவர்களோடு நடந்தவர்களும் தருமத்துக்கு அதிகமாகக் கொடுத்தார்கள். 2019ல் வந்த இன்னொரு ஆய்வில், காவடி எடுத்தபின் மனநலம் முன்னேறியதாகத் தெரிந்தது, தீராத உடல் உபாதை உள்ளவர்களுக்கு அது கூடுதல்.

நம் ஊர் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவில் நடக்கிற வண்டி வேடிக்கையைப் பாருங்கள். இன்னின்ன வேஷம் என்று வெளியே விடாமல் பையன்கள் வாரக்கணக்கில் கூடிக் கூடிப் பேசுவார்கள், வசூல் செய்வார்கள், முகத்துக்கு வர்ணம் பூசி சிவனாகவும் முருகனாகவும் வண்டியில் அசையாமல் மணிக்கணக்கில் நிற்பார்கள். அந்தக் கூடிப்பேசுகிற வாரங்கள்தான் பலருக்கு வருடத்தின் நல்ல காலம். ஒன்று மட்டும் சொல்வேன்: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் பொங்கல் வைத்துவிட்டேன் என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்? போனா பைத்தியம்னு சொல்லிடுவாங்களே.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் மனசு இருண்டே இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், பிடித்த வேலையிலும் பிடிப்பு போய்விட்டால், போகவேண்டும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றே. நம் ஊர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக முடியாவிட்டால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது உங்கள் உரிமை. ஆண்கள்தான் கடைசி நேரத்தில் வருகிறார்கள். "டாக்டரைப் பார்" என்று நேராகச் சொன்னால் வரமாட்டார்கள், கூடவே பைக்கில் ஏறி உட்கார்ந்து போங்கள்.

நான் வேற சாதிப் பையனை விரும்பறேன். நான் சந்தோஷமா இருந்தா அப்பா செத்துடுவேன்னு சொல்றாரு. யாரோட சந்தோஷம் பெருசு?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு எந்த ஆய்வும் உடனே வாயில் வருவதில்லை. உங்களுக்குள் அப்பாவும் இருக்கிறார், அதனால் அவரை விட்டுவிட்டு வந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்பது உங்கள் வாழ்நாள் முழுவதையும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத கல்யாணம் பற்றி மேலே சொன்னேன், நாளைக்கு வேறு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்தால் அந்த மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அநியாயம் நடக்கும்.

அப்பாவுடைய பயம் பெரும்பாலும் ஊர் என்ன சொல்லும் என்பதுதான், அதனால் ஊரில் அவர் மதிக்கிற ஒரு பெரியவரைக் கண்டுபிடியுங்கள். சித்தப்பா, பழைய வாத்தியார், யாராவது. ஒரே பேச்சில் முடியாது, மாதக்கணக்கில் ஆகும். செத்துவிடுவேன் என்பதை மிரட்டல் என்று தள்ளிவிடவும் வேண்டாம், அவரையும் ஒருவர் கவனித்துப் பேசட்டும், மேலே கொடுத்த 14416 அவருக்கும்தான்.

உங்கள் உயிருக்கோ பையனுடைய உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் பேச்சு அதோடு நின்றுவிட வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகியிருந்தால் 1954ன் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்யலாம், 30 நாள் அறிவிப்பு உண்டு, அந்தக் காலத்தில் எங்கே தங்குவது என்பதை முன்பே யோசியுங்கள். இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு வைக்கச் சொல்லி 2018ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள், மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.